மேக்கப் மாஸ்டர் போட்ட கை

தோழிகளே, போன வாரம் நம் குழுவில் அந்தப் பழைய பள்ளிப் புகைப்படம் வந்தபோது நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "கோவமாடி?" என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லை. படத்தில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பதே நான்தான். வலது கையை உயரத் தூக்கிக் காட்டுகிறேன். நடுவிரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய இடத்தில் நசுங்கிய சதை. பக்கத்தில் நீங்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அலறுவதுபோல் நிற்கிறீர்கள்.

அன்று சாயங்காலம் பென்னலூர் நிறுத்தத்தில் நான் இறங்கிக்கொண்டேன். பஸ் உங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நமக்கும் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. மகள்களுக்கு நாம் அப்போது இருந்த வயது தாண்டிவிட்டது. இனிச் சொன்னால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. நம் பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை 'தொழில் அறியும் பயணம்' உண்டு, நினைவிருக்கும். தொழில் என்றால் கம்பெனி. ஏழாவதில் ஒரு கம்பெனி, எட்டாவதில் இன்னொன்று. தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். காது வரை இறங்கும் தொப்பி. கடைசியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் பேனாவும். அந்தப் பேனா வீட்டுக்கு வருவதற்குள் எழுதாமல் நின்றுவிடும்.

அந்த வருடம் டிராயிங் மிஸ் ஹெச்.எம். சிஸ்டரிடம் சண்டை போட்டார். ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கு வெளியே நோட்டு அடுக்கிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "இந்தப் பொண்ணுங்களோட அப்பா, அண்ணன் எல்லாரும் தினமும் கம்பெனிக்குத்தான் போறாங்க. இதுங்களும் போயி அதையேவா பாக்கணும்? கைய வச்சிகினு வேற இன்னா செய்யலாம்னு ஒரு நாளாவது காட்டலாமே, சிஸ்டர்." பூந்தமல்லிப் பக்கம் சினிமாவுக்கு மேக்கப் செய்கிற பட்டறை ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படியோ அனுமதி வாங்கிவிட்டார்.

சம்மதக் கடிதத்தை அப்பாவிடம் நீட்டியபோது அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அம்மாதான் வாங்கிப் பார்த்தாள். "மேக்கப்பா? அது இன்னா படிப்பு?" என்று கேட்டுவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் அப்படித்தான் இருந்தார்.

அப்பா ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். பெரிய கார் கம்பெனிக்குச் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் அடித்துக் கொடுக்கிற இடம். பொங்கலுக்கு முன்பே அவரிடம் ஏதோ மாறிவிட்டது. மாவு அரைக்கும்போது கிரைண்டரில் கை விட்டு மாவைத் தள்ளினால், எங்கிருந்தோ ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார். தம்பி கதவிடுக்கில் விரல் வைத்தால் கத்துவார். சாப்பிடும்போது தன் தட்டைப் பார்க்காமல் எங்கள் கைகளையே பார்ப்பார். சோற்றைப் பிசையும் விரல்களை ஒருத்தர் உற்றுப் பார்த்தால் சோறு இறங்காது, தெரியுமா? நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

மாதா கோயிலிலும் அப்படியே. கடைசி பெஞ்சில் உட்காருவார். பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் எழுந்திருக்க மாட்டார். பெரிய பாவத்தோடு அதை வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊரே பாக்குது. நீ இன்னா கொலையா பண்ண? போயி வாங்கிகினு வந்தா இன்னா?" என்றாள். அவளுக்கு வேறு சந்தேகம். குடி, அல்லது இன்னொரு வீடு. பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. அப்பாவின் பிரஸ் ஷாப்பில் வேலை செய்த ஒரு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆகி மனைவியை ஊரில் விட்டுவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அப்பாவை "அண்ணாச்சி" என்பார். அவர் பேசுவதைத் தம்பி அப்படியே பேசிக் காட்ட, அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். திடீரென்று அவர் வருவதில்லை. கேட்டால், "ஊருக்குப் போயிட்டாரு" என்றார் அப்பா.

இப்போது பட்டறைக்கு வருகிறேன். தகரக் கூரை போட்ட பெரிய அறை. உள்ளே நுழைந்ததும் ரப்பர் பாலும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை; நம்மில் இரண்டு பேர் வெளியே ஓடினீர்கள். அலமாரியில் வரிசையாகத் தலைகள், கண் மூடியபடி. மேக்கப் மாஸ்டர் ஒல்லியான மனிதர். நகங்களை மிகவும் ஒட்ட வெட்டியிருந்தார். கிழவனாக்குவது, தழும்பு வைப்பது, கிளிசரின் இல்லாமல் கண்ணைச் சிவக்க வைப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தோல் நிறம் கலக்கத் தட்டுகளைக் கொடுத்து, "உங்க கை கலரு வர்ற மாதிரி கலந்து குடுங்க பாக்கலாம்" என்றார். என் தட்டை வாங்கி என் கைமேல் தடவிப் பார்த்தவர், "எங்க தடவினேன்னு எனக்கே தெரியல. உனக்குக் கண்ணு கீதும்மா. பத்தாவது முடிச்சிட்டு வா, கத்துத் தர்றேன்" என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். என்னை நோக்கி அவ்வளவு பேர் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் "யாரு உக்கார்றது?" என்றதும் நான் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு விரல்களையும் உள்ளே மடக்கி, பிளாஸ்திரி சுற்றி, மேலே மெழுகு வைத்து, பஞ்சை ரப்பர் பாலில் நனைத்து ஒட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. "கத்தி வெட்டுன்னா நேரா இருக்கும். இது அப்படி இல்ல. மெஷின் வெட்டு. நசுங்கும். ஓரமெல்லாம் கருத்துப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே செய்தார். எங்கே பார்த்தீர்கள் என்று மிஸ் கேட்டார். "உங்க ஏரியா ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு நாள் உக்காந்தேன், மேடம். போதுமான அளவுக்குப் பாத்துட்டேன்" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. பிறகு சர்க்கரைப் பாகில் சிவப்பும் கொஞ்சம் காபித் தூளும் கலந்து ஊற்றினார். எல்லோரும் அலறினோம். மிஸ் படம் எடுத்தார்.

"வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கழட்டிடணும். பெரியவங்க பயந்துடுவாங்க" என்று சொல்லிச் சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெய் கொடுத்தார் மாஸ்டர். ஆனால் ஹெச்.எம். சிஸ்டரிடம் காட்டிவிட்டுத்தான் கழட்ட வேண்டும் என்று மிஸ்ஸுக்கு ஆசை. அவர் போட்ட சண்டைக்கு அந்தக் கைதான் பதில். பஸ் பள்ளிக்கு வந்தபோது சிஸ்டர் கிளம்பிப் போயிருந்தார். மிஸ்ஸின் முகம் விழுந்துவிட்டது. "வீட்ல போயி எண்ணெய் தடவி எடுத்துடும்மா" என்றார். மேலே கட்டுத்துணி சுற்றி என்னை அதே பஸ்ஸில் அனுப்பினார்.

பஸ்ஸிலேயே எடுத்திருக்கலாம். எண்ணெய் பாட்டில் மடியில் இருந்தது. நான் எடுக்கவில்லை. தம்பியை அலற வைக்க வேண்டும் என்று நினைத்தேன். யார் மேலும் பழி போட நான் இதை எழுதவில்லை. எடுக்காமல் போனது நான்தான்.

வீட்டில் தம்பி இல்லை, விளையாடப் போயிருந்தான். அம்மா பின்பக்கம் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. முதல் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கூடத்தில் பாயில் படுத்திருந்தார். சரி, அப்பாவிடமே நடிக்கலாம் என்று நினைத்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கோணி, "அப்பா, மெஷின்ல கை மாட்டிக்கிச்சுப்பா" என்றேன்.

அப்பா எழுந்து வந்து கட்டுத்துணியைப் பிரித்தார்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் கையைத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தார். மிக மெதுவாக, பழகிய வேலை செய்கிற குரலில் கேட்டார். "விரல் எங்கம்மா? யாரு கைல கீது? தண்ணில போடக் கூடாது. பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஐஸ் மேல வைக்கணும். எடுத்தாங்களா?"

"பொய்ப்பா" என்றேன்.

"மெஷினுக்கு அடில பாரு" என்றார். என்னிடம் இல்லை, என் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்த்துக்கொண்டு. "லைட் அடிச்சிப் பாரு. ஸ்கிராப்போட போயிருக்கும். கொட்டிப் பாரு எல்லாத்தையும்."

"பொய்ப்பா, மேக்கப்பா, பாரு" என்று கத்தி விரல்களை நீட்டப் பார்த்தேன். வரவில்லை. நெடுநேரம் மடக்கி வைத்ததில் மரத்துப்போய், பிளாஸ்திரியும் ரப்பரும் இறுகியிருந்தன. எனக்கே ஒரு கணம் விரல்கள் இல்லை என்று தோன்றிவிட்டது. அப்பா மண்டியிட்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டார். "டேப்பு நான்தான் சுத்தினேன். நான்தான் சுத்தினேன். அவன் மேல தப்பு இல்ல."

நான் மெழுகைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். வாயெல்லாம் ரப்பர் கசப்பும் பாகின் இனிப்பும். பஞ்சு பிய்ந்து வந்தது. வெளுத்துச் சுருங்கிய இரண்டு விரல்கள் வெளியே வந்தன. அப்பா அவற்றைப் பார்த்தார். சந்தோஷப்படவில்லை. நம்பாதவர் மாதிரி ஒவ்வொன்றாக நுனியை அமுக்கிப் பார்த்துவிட்டு, இரண்டையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ஈரக் கையோடு பின்வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வந்தவள் முதலில் என்னை அறைந்தாள். "அடிக்காத" என்றார் அப்பா. அம்மா அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"எந்த டேப்பு?"

அப்பா சொன்னார். என்னை வெளியே போகச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே கை இருக்காது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் நேரம் பிடிக்கும். டிசம்பரில் சரக்கு போதவில்லை, கார் கம்பெனி லைன் நின்றுவிடும் என்று மேலே இருந்து நெருக்கினார்கள். அப்பா ஒரு பட்டனை அமுக்கி அதன்மேல் டேப் சுற்றிவிட்டார். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். மூன்றாம் நாள், நெல்லை அண்ணனின் வலது கை உள்ளே இருந்தபோது மெஷின் இறங்கியது.

"ஊருக்குப் போயிட்டான்னு சொன்னியே" என்றாள் அம்மா.

"ரூம்லதான் கீறான். நான் போயிப் பாக்கல." கேட்காமலே மேலும் சொன்னார். "அடிபட்டதும் டேப்ப நான்தான் பிரிச்சி எடுத்துட்டேன். ஆபீஸ்ல ஒரு தாள் நீட்டினாங்க. ஆபரேட்டரோட கவனக்குறைவுன்னு எழுதியிருந்திச்சி. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிடு" என்றாள் கடைசியாக.

"சாமியார் மன்னிச்சிடுவாரு. அது சுலபம்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பினார். "தனியாப் போனா பாதி வழில திரும்பிடுவாரு. நீ கூடப் போ" என்று அம்மா என்னை அனுப்பினாள். அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

வரிசையாக ஒரே மாதிரி ரூம்கள். கொடியில் நாலைந்து கம்பெனிச் சட்டைகள், நாலைந்து நிறம். அண்ணன் தரையில் உட்கார்ந்து நாலு கோடு நோட்டில் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். தன் பெயரைத்தான். பக்கம் முழுக்க அதே பெயர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில். எங்களைப் பார்த்ததும் வலது கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி. புள்ளையும் வந்திருக்கா" என்றார்.

அப்பா நின்றுகொண்டே சொன்னார். "நான் எழுதிக் குடுத்தத மாத்தி எழுதித் தரப்போறேன். டேப் சுத்தினது நான்னு."

"இப்ப எதுக்கு அண்ணாச்சி?"

"உனக்குத் தெரியுமாப்பா, நான்தான் சுத்தினேன்னு?"

"பக்கத்துலதான நின்னேன். நீங்க டேப்ப பல்லால கடிச்சு அறுத்தீங்க. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்." அவர் குரல் உயரவில்லை. "வேண்டாம்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. அத விடுங்க. ஆனா கவனக்குறைவுன்னு எழுதுனீங்க பாருங்க. அந்தத் தாளோட நகல் ஊருக்குப் போச்சு. என் வீட்டுக்காரி படிச்சிட்டா. போன்ல பேசும்போதெல்லாம், அப்படி என்னத்தப் பராக்குப் பாத்துக்கிட்டு நின்னீயன்னு கேக்கா. கை வலிய விட அது வலிக்கு அண்ணாச்சி."

அப்பா அந்த நோட்டைப் பார்த்தார். பிறகு, நான் ஏன் வந்திருக்கிறேன் என்று விளக்குபவர்போல், என் மேக்கப் கையைப் பற்றித் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "எங்க, அந்தக் கையக் காட்டு பாப்பம்." நீட்டினேன். "வெரல மடக்கு." மடக்கினேன். "நீட்டு." நீட்டினேன். "ஒனக்கு வந்துட்டு, என்னா" என்று சிரித்தார். துண்டு நழுவியது. அவருக்குப் போனது வேறு விரல்கள். அங்கே சிவப்பே இல்லை. மாஸ்டர் செய்தது மாதிரி ஒன்றுமே இல்லை. மழமழவென்று, வெளிறி, ஏதோ தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது என்பதுபோல் இருந்தது. நான் அழுதேன். அழாதே என்று இருவருமே சொல்லவில்லை.

அடுத்த வாரமே அப்பா எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் ஒன்று, விசாரிக்க வந்த அரசாங்க அதிகாரியிடம் ஒன்று. அந்தத் தாளிலிருந்து 'கவனக்குறைவு' என்ற சொல் போனது. அண்ணனுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு சேர்ந்தது என்று அம்மா சொன்னாள். அப்பாவை ஷாப்பிலிருந்து மாற்றிப் பின்பக்கம் ஸ்கிராப் எடை போடும் இடத்தில் உட்கார வைத்தார்கள். பழைய ஆட்கள் அவரோடு சாப்பிட உட்காருவதை நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வேன் ஓட்டப் போனார். அந்த வருடம் பாஸ்கா என்கிற ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகூட அவர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. அவளும் எழுந்திருக்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பத்தாவது முடிந்ததும் டிராயிங் மிஸ் என்னைக் கூப்பிட்டு, மாஸ்டரிடம் பேசட்டுமா என்று கேட்டார். "பிடிக்கல மிஸ்" என்றேன். "உங்களுக்கெல்லாம் தைரியமே கிடையாது" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். எனக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டார். பயம்தான், ஆனால் அவர் நினைத்த பயம் இல்லை. மெழுகின் ருசி இன்றைக்கும் எனக்குத் தெரியும். நிறங்களைக் கலக்கிற கண்ணும் இருக்கிறது. புடவைக் கடையில் பிளவுஸ் துணி எடுக்க மட்டும் அது உதவுகிறது.

இதில் கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் அண்ணனைக் கூட்டிப் போக ஊரிலிருந்து அவர் மனைவி வந்தார். இரண்டு பேரும் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அக்காவுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான் இருக்கும். உள்ளே வந்து உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நேராக அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கதான் அங்க நின்னீகளாம். ஒங்க வாயால ஒண்ணு கேக்கணும். இவுக கவனமாத்தான் இருந்தாவளா?"

"கவனமாத்தாம்மா இருந்தாரு" என்றார் அப்பா. "எல்லாரையும் விட அவருதான் கவனமா இருந்தாரு."

அந்த அக்கா புருஷன் பக்கம் திரும்பினார். நாலு மாதம் போனில் திட்டிய வாய் கோணிக்கொண்டு போனது. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"சொன்னேன்" என்றார் அண்ணன். "நீ அந்தத் தாளத்தான் நம்புன."

அம்மா கொண்டுவந்த டீ நால்வருக்கும் நடுவில் ஆறியது. யாரும் எடுக்கவில்லை. பிறகு அப்பாதான் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலை வரை நடந்தார். நானும் போனேன். பஸ் வந்தது. அந்த அக்கா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்னால் ஏறிய அண்ணன் அங்கே உட்காராமல் வேறு இருக்கைக்குப் போனார். இரண்டு இருக்கை தள்ளி, தனியாக. பஸ் கிளம்பிக் கண்ணுக்கு மறையும் வரைக்கும் அண்ணன் எழுந்து மனைவியின் பக்கத்தில் போய் உட்காருவார் என்று அப்பா எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.